பழைய வால்வோ வேகன் வாங்கலாமா? மன்னார்குடியிலிருந்து ஒரு கேள்வி

2025 ஜனவரி 17, மன்னார்குடித் தம்பி கேட்டது

அண்ணே, வால்வோ வி90 கிராஸ் கண்ட்ரி, 2018 மாடல் டீசல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். புதுச்சேரி பதிவு, ஒரே ஓனர், அறுபதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே 60 லட்சம். இப்போது அதில் பாதிக்கும் கீழே சொல்கிறார்கள். மகள் வீணை கற்றுக்கொள்கிறாள், அதைப் படுக்க வைக்க இடம் வேண்டும். எஸ்.யு.வி. உயரத்துக்கு ஏறி இறங்க அம்மாவின் முட்டி ஒத்துழைக்கவில்லை. நீளக் கூரை வண்டி, அதாவது வேகன்தான் வேண்டும், மிதித்தால் பறக்கவும் வேண்டும். வால்வோ என்றாலே இரும்பு, நம்பி வாங்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடவா?

ஜனவரி 17, இரவு, கும்பகோணத்திலிருந்து என் பதில்

கொடுக்காதீர்கள். முதலில் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். போன நவம்பர் 30 ராத்திரி அந்த வண்டி எங்கே நின்றது?

ஜனவரி 18

நேற்று என் விளக்குக் கடையை அடைக்கும் நேரம், ஒரு வரியோடு விட்டுவிட்டேன். காரணம் இதுதான்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. தெருக்களில் ஆட்களையே படகில்தான் மீட்டார்கள். நின்ற கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அதற்கு ஏழு வாரம் கழித்து ஒரு புதுச்சேரி வண்டி, சந்தை விலைக்குக் குறைவாக விற்பனைக்கு வருகிறது. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர், நீங்கள் அல்ல.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் இதே கூத்து. அங்கே முழுகிய வண்டிகள் கழுவித் துடைத்து வாசனை தெளித்து வெளியூர்களுக்கு வந்தன. என் மச்சான் ஒன்றை வாங்கினார், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. வாங்கியபோது வெண்ணெய் போல ஓடியது. அடுத்த ஐப்பசி மழையில் டேஷ்போர்டில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. முதலில் ஏர்பேக், அப்புறம் ஏ.பி.எஸ்., கடைசியில் வண்டி கிளம்பவே மறுத்தது. ஏன் இத்தனை தாமதம் என்றால், தண்ணீர் உடனே கொல்வதில்லை. வயர் முனைகளுக்குள் புகுந்து செம்பில் களிம்பு ஏற்றுகிறது. அந்தக் களிம்பு மெதுவாகத்தான் தின்னும். வாங்குகிற அன்று ஓட்டிப் பார்ப்பதால் இது தெரியவே தெரியாது.

வி90-யில் கூடுதல் கவலை ஒன்று. பிரதான பேட்டரி பானட்டுக்குள் இல்லை, டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. பின்பக்கம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே போதும், மின்சார வீடு முழுகிவிட்டது என்று அர்த்தம்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், எவ்வளவு கழுவினாலும் உருளைக்குள் சுருண்ட பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். முன் சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கித் தரையைத் தூக்கிப் பள்ளத்தின் மூலைகளை விரலால் தடவுங்கள். கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான ஸ்பாஞ்ச் இருக்கும், அதை அழுத்தி முகர்ந்து பாருங்கள். மேல் கார்ப்பெட் புத்தம் புதிதாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏழு வயசு வண்டிக்கு எதற்குப் புதுக் கார்ப்பெட்?

ஜனவரி 19

காரைக்கால் அண்ணன் ஒருவர் கோபித்துக்கொண்டார், "புதுச்சேரி பி.ஒய். நம்பர் என்றாலே திருட்டு வண்டியா?" என்று. இல்லை அண்ணே. உங்கள் ஊர் பி.ஒய்.02 வண்டிகள் எங்கள் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் தினமும் நிற்கின்றன. நான் சொன்னது புயலைப் பற்றி.

வரி வேறு விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த வண்டிகளைப் புதுச்சேரியில் பதிவதே வரிக்காகத்தான். தமிழ்நாட்டு முகவரிக்கு மாற்றினால் இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டியின் அசல் விலையை வைத்து, வயதுக்குத் தக்கபடி கழித்துக் கணக்குப் போடுவார்கள். 2023 நவம்பரில் புது வண்டி வரியை உயர்த்தியபோது 20 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 20 சதவீதம் ஆனது. அசல் விலை 60 லட்சம் என்றால், கழிவு போனாலும் லட்சக்கணக்கில் நிற்கும். படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, 29, 30 எழுதி, கடன் இருந்திருந்தால் 35-ம் சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் அது உங்கள் வண்டி. "பாதி விலை" என்பதில் இந்த வரியையும் கூட்டிப் பாருங்கள்.

ஜனவரி 20

வேகன் நம் ஊரில் விற்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதிதாக விற்காது, சரி. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. அப்புறம் மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் பாலியோ அட்வென்ச்சர், ஸ்கோடா ஆக்டேவியா காம்பி. ஒவ்வொன்றும் வந்தது, நான்கு பேர் வாங்கினோம், போய்விட்டது. "என்ன சார், ஆம்புலன்ஸா?" என்று என் காம்பியைப் பார்த்துக் கேட்காத ஆளில்லை. எனக்கு அது தேவைப்பட்டது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கை நிற்க வைத்து ஏற்ற முடியாது, தண்டைக் கழற்றி நீளவாக்கில் படுக்க வைக்க வேண்டும். பித்தளை எடையைக் கூரைமேல் கட்டுவது முட்டாள்தனம். தாழ்ந்த தரை, நீண்ட டிக்கி, நல்ல சஸ்பென்ஷன், வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேகமான வேகன் என்ற பைத்தியம் ஐரோப்பாவில் பழையது. 1994-ல் வால்வோ தன் 850 எஸ்டேட்டை பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்திலேயே இறக்கியது. அதே வருஷம் ஆடி, போர்ஷேவுடன் சேர்ந்து செய்த ஆர்.எஸ்.2 அவான்ட் 315 குதிரைத்திறன். இந்தியாவுக்கு 2015-ல் ஆர்.எஸ்.6 அவான்ட் வந்தது. நான்கு லிட்டர் வி8, 560 குதிரைத்திறன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அதுவும் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஜனவரி 22

தம்பியின் "வால்வோ என்றாலே இரும்பு" என்ற வார்த்தை மனசை அரிக்கிறது. அந்தப் பேரைச் சம்பாதித்தது 1974 முதல் 1993 வரை வந்த 240. கட்டை போல் பெட்டி, எளிய இன்ஜின், உடைந்தால் கொல்லனே சரி செய்வான். அதற்கும் வி90-க்கும் பேட்ஜைத் தவிர உறவில்லை. தாத்தா நல்லவர் என்று பேரனுக்குப் பெண் கொடுக்கிற கதை.

வி90 கிராஸ் கண்ட்ரியில் இருப்பது டி5 டீசல் இன்ஜின். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், இரண்டு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் சுழலி), 235 குதிரைத்திறன், 480 நியூட்டன் மீட்டர். டர்போ சுழல ஆரம்பிக்கும் தாமதத்தைக் குறைக்க ஒரு சின்னத் தொட்டியில் காற்றை அழுத்தி வைத்து, மிதித்ததும் அதை ஊதிவிடுகிறார்கள். கெட்டிக்கார வேலை. ஆனால் கெட்டிக்கார வேலை என்றாலே இன்னொரு கம்ப்ரஸர், இன்னொரு வால்வு, இன்னொரு சென்சார்.

அதற்காக மோசமான வண்டி என்று சொல்லவில்லை. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் ஐசின் கம்பெனியுடையது, வழக்கமான டார்க் கன்வெர்ட்டர். ஆயில் மாற்றினால் நீண்ட நாள் வரும். தரை இடைவெளி 210 மி.மீ., வேகன்களில் இது அபூர்வம், நம் ஊர் வேகத்தடைகளுக்குப் போதும். நான்கு சக்கர இயக்கத்துக்குப் பின்பக்கம், பின் சக்கரங்களுக்குச் சக்தியை இணைக்கும் ஒரு கப்ளிங் இருக்கிறது. அதன் ஆயிலை மாற்றிப் பம்ப்பின் வலையைச் சுத்தம் செய்தார்களா என்று ரசீதில் பாருங்கள். பல பேர் அதைத் தொடுவதே இல்லை. வலை அடைத்தால் பம்ப் எரியும், உங்களுக்குத் தெரியாமலே வண்டி முன் சக்கர வண்டியாகிவிடும்.

டீசலில் இன்னொன்று. சைலன்சர் வழியில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சூடேறினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். மன்னார்குடியில் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து ராஜகோபாலசாமி கோயிலுக்கும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். நீங்கள் சென்னைக்கு அடிக்கடி போகிறவர், அந்த மட்டில் பிழைத்தீர்கள்.

ஜனவரி 22, பின்குறிப்பு

"அப்படியென்றால் நம்பகமா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். மாடலைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இந்த ஒரு வண்டி ஏழு வருஷம் எங்கே நின்றது, யார் கையில் எண்ணெய் மாற்றியது, கெட்டால் எந்த ஊருக்கு இழுத்துப் போக வேண்டும். எனக்கு இந்த மூன்றும் தெரிய வேண்டும். பத்திரிகைகளின் நம்பகத்தன்மைப் பட்டியல் அமெரிக்கக் குளிரில் ஓடுகிற வண்டிக்கு.

பிப்ரவரி 3

தம்பி ஃபோட்டோ அனுப்பினார். அழகான வண்டிதான், பொறாமையாக இருக்கிறது. விற்பவர் "அபார்ட்மென்ட் பார்க்கிங்கில்தான் நின்றது, தெருவில் இல்லை" என்கிறாராம். எந்தத் தளம் என்று கேட்டீர்களா? தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங் என்றால் தெருவைவிட மோசம். தெருத் தண்ணீர் வடிந்துவிடும், கீழ்த்தளத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்க வேண்டும்.

காப்பீட்டுத் தாள்கள் நான்கு வருஷத்துக்குக் கேளுங்கள். கோராத வருஷங்களுக்குத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். இழப்பீடு கோரினால் அடுத்த புதுப்பித்தலில் சுழியத்துக்கு வந்துவிடும். வாய் பொய் சொல்லும், புதுப்பித்த தாள் சொல்லாது.

பிப்ரவரி 9

தம்பியோடு நானும் புதுச்சேரி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுருக்கமாக: வாங்கவில்லை.

விரிவாக. வண்டி ஓட்டத்துக்கு அருமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது தம்பியின் முகத்தைப் பார்த்தேன், ஆள் விழுந்துவிட்டார். இந்த நேரத்தில்தான் கூட வந்தவன் வாயைத் திறக்காமல் டிக்கியைத் திறக்க வேண்டும். சீட் பெல்ட் சுத்தம். சீட் தண்டவாளம் சுத்தம். எனக்கே சபலம் தட்டியது. டிக்கித் தரையைத் தூக்கினால் பேட்டரி புதியது. சரி, ஏழு வருஷத்தில் பேட்டரி மாறுவது சகஜம். ஆனால் அதைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையின் அடிப்பக்கம் பழுப்பு. பக்கத்தில் ஒரு வயர் கொத்தின் முனையை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன், பச்சை.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டோம். நடப்புக் கோளாறு எதுவும் இல்லை, விற்பதற்கு முன் அழித்திருப்பார்கள். ஆனால் சில கன்ட்ரோல் பெட்டிகள் பழைய கோளாறு எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதைத் தனியே குறித்து வைத்திருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு பெட்டிகளில் மின்னழுத்தம் குறைந்ததாக ஒரே கிலோமீட்டரில் பதிவு. ஒரு பேட்டரி சும்மா செத்தாலும் இப்படி வரலாம். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் காப்பீட்டுத் தாள். போன வருஷம் 45 சதவீதத் தள்ளுபடி, இந்த ஜனவரியில் புதுப்பித்ததில் சுழியம். கேட்டால் பம்பரில் கீறலாம். ஒரு கீறலுக்கு 45 சதவீதத்தை யாராவது விட்டுக்கொடுப்பார்களா? தம்பி அதற்கும் "விலையை இன்னும் குறைத்தால்...?" என்று இழுத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 10

"விலையைக் குறைத்தால் வாங்கலாமே, சரி செய்துகொள்ளலாமே" என்று தம்பிக்கு ஆதரவாக இருவர். மழையில் நின்ற எளிய வண்டி என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். வயர் முனைகளைச் சுத்தம் செய்து பத்து வருஷம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே முப்பது நாற்பது கன்ட்ரோல் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. எந்த முனை என்று தேடுகிற கூலியே வண்டி விலையில் ஒரு பங்கு ஆகும். விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கூலி குறைவதில்லை.

பிப்ரவரி 16

தம்பி மனம் உடைந்து "எஸ்.யு.வி.யே வாங்கித் தொலைக்கிறேன்" என்கிறார். அவசரப்படாதீர்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வேறு வழி இருக்கிறது. ஆக்டேவியா ஆர்.எஸ். பார்ப்பதற்கு செடான், ஆனால் பின் கண்ணாடியோடு சேர்ந்து கதவு மேலே திறக்கும். டிக்கி 590 லிட்டர், அதே வண்டியின் வேகன் 610. இருபது லிட்டருக்காகச் சண்டை போட வேண்டாம். சீட்டை மடித்தால் வீணை உறையோடு தாராளமாகப் படுக்கும்.

2017-ல் வந்தது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). 2020-ல் 245 குதிரைத்திறனோடு 200 வண்டிகள் மட்டும் வந்தன, 36 லட்சத்துக்கு. அதன் உரிமையாளர்கள் இன்னும் விலையை இறக்க மாட்டேன் என்கிறார்கள். நமக்கு 230 போதும். அதற்கு முந்தைய லாரா ஆர்.எஸ். மலிவாகக் கிடைக்கும், 1.8 லிட்டர், 160 குதிரைத்திறன், கையால் போடும் கியர். அந்தத் தலைமுறை இன்ஜின் பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிப்பதற்கும், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கைவிடுவதற்கும் உலகம் முழுக்கப் பேர் போனது. டென்ஷனர் கைவிட்டால் செயின் தாவும், வால்வு வளையும், இன்ஜின் போச்சு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அதனால்தான் "வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறேன், வாங்க" என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஆறின வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

2017 வண்டியில் அந்தக் குறைகள் பெரும்பாலும் சரியாகிவிட்டன. அதற்குப் பதில் வேறு: தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசியும். கூலன்ட் தொட்டி மட்டம் குறைகிறதா, இன்ஜின் பக்கவாட்டில் உப்புப் பூத்தாற்போல் கறை இருக்கிறதா பாருங்கள். வருவதுதான், பயப்பட வேண்டாம், செலவை விலையில் கழியுங்கள். டி.எஸ்.ஜி.யைப் பொறுத்தவரை ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எல்லோரும் திட்டுகிற டி.எஸ்.ஜி., ஏழு கியர் உலர் கிளட்ச். அது 1.8 சாதாரண ஆக்டேவியாவில் வந்தது. ஆர்.எஸ்.230-ல் இருப்பது ஆயிலில் மூழ்கிய கிளட்ச், வேறு ஜாதி. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 23

ஒருவர் கேட்டார், "டெல்டாவில் ஓட்டுவதற்கென்று தனிக் கவனம் ஏதாவது உண்டா?" உண்டு, சிரிக்காதீர்கள்.

முதலாவது எலி. அறுவடை முடிந்து வயல் காலியானதும் அத்தனை எலியும் வீட்டுக்கு வரும், ராத்திரி இன்ஜின் சூட்டில் படுக்கும், வயரைக் கடிக்கும். நாற்பது லட்சத்து வண்டி ஒரு எலியால் லாரியில் ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். வாங்கப் போகும்போது பானட்டைத் திறந்து, இன்ஜின் மேல் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வைக்கோல் துணுக்கு, எலிப் புழுக்கை, இன்சுலேஷன் டேப் ஒட்டுப் போட்ட வயர் இருந்தால் கதை புரிந்துவிடும். வாங்கிய பிறகு, சந்தையில் விற்கும் எலி விரட்டி ஸ்ப்ரேக்களைவிட நம் மூங்கில் எலிப்பொறி, தஞ்சாவூர் கிட்டிதான் எனக்கு வேலை செய்தது. ஷெட்டின் ஓரத்தில் வையுங்கள், வண்டிக்கு அடியில் வைக்காதீர்கள். வில் தெறித்தால் சத்தத்துக்கு வீடே எழுந்துகொள்ளும்.

இரண்டாவது உளுந்து. பங்குனி, சித்திரையில் கிராமத்துச் சாலைகளில் உளுந்துச் செடியைப் பரப்பி, நம் சக்கரத்தால் அடித்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், களம் எங்கே இருக்கிறது? ஆனால் தாழ்ந்த வண்டியின் அடியில் காய்ந்த கொடி சுற்றினால், சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டுப் புகையும், தீயும் பிடிக்கும். டர்போ வண்டியில் அந்தக் குழாய் இன்னும் சூடு. கொடிமேல் ஏற்றாமல் சுற்றிப் போங்கள். வேறு வழியில்லையென்றால் கடந்த பிறகு நிறுத்திக் குனிந்து பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போதும் அடியில் கருகிய கொடி, உருகிய பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா பாருங்கள்.

உப்பு மூன்றாவது. நாகை, வேதாரண்யம் கடலோரத்தில் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் கண்ணாடிபோல் இருக்கும், அடியில் பிரேக் குழாயும் சஸ்பென்ஷன் போல்ட்டும் அரித்திருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கூடாது. 2018 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மரம் விழுந்து கூரை நசுங்கி, ஒட்டி எழுந்த வண்டிகளும் உண்டு. கூரைக்குப் பெயின்ட் கேஜ் (பூச்சின் தடிமனை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்.

மார்ச் 8

கோயம்புத்தூரில் ஒரு ஆர்.எஸ்.230 இருக்கிறது என்று தம்பி அனுப்பியிருக்கிறார். 2018, தமிழ்நாட்டுப் பதிவு, எல்லா ரசீதும் உண்டு, டி.எஸ்.ஜி. ஆயில் மாற்றியது உட்பட. விலை கொஞ்சம் அதிகம் என்று புலம்புகிறார். ரசீதுக்குத்தான் அந்த அதிகம், கொடுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். உரிமையாளர் இளைஞர். இந்த இன்ஜினைக் கம்ப்யூட்டர் மூலம் முறுக்கிவிட்டு முந்நூறு குதிரைத்திறன் எடுப்பது இப்போது வழக்கம். விற்கும்போது பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுவிட்டு "ஸ்டாக்" என்பார்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், பின் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரின் தடம், மாற்றிய ஏர் ஃபில்டர், அடிக்கடி மாறிய ஸ்பார்க் பிளக் ரசீது, உள்பக்கம் மட்டும் தேய்ந்த முன் டயர் இவற்றைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடாத வண்டிக்கு மூன்றாவது ஜோடி டயர் என்றால் ஒன்று மீட்டர் பொய், இல்லை ஓட்டியவர் பொல்லாதவர்.

முறுக்கியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். முறுக்கியதை மறைப்பது தப்பு.

மார்ச் 9

நேற்றையதில் ஒரு திருத்தம். டயர் உள்பக்கம் மட்டும் தேய்வதற்கு அலைன்மென்ட் கோணலும் காரணமாகலாம், நம் சாலைப் பள்ளங்களுக்கு அதுதான் அதிகம். அதை வைத்து அந்தப் பையனைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

மார்ச் 23

வாங்கிவிட்டார். வெள்ளை. முறுக்கவில்லை, தண்ணீர்க் கறை இல்லை, கூலன்ட் கூடு கசிய ஆரம்பித்திருந்தது, அதற்கு விலையில் கழித்துக்கொண்டார்கள். கோயம்புத்தூரிலேயே மாற்றிவிட்டு எடுத்து வாருங்கள் என்றேன், கேட்டார்.

ஏப்ரல் 6

பெட்ரோல் பற்றிக் கேட்டவருக்கு. இந்த இன்ஜினுக்கு 95 ஆக்டேன் நல்லது. மன்னார்குடியில் கிடைக்காத அன்று சாதாரணப் பெட்ரோல் போட்டால் வண்டி செத்துவிடாது, இன்ஜின் தட்டலை உணரும் நாக் சென்சார் பற்றவைப்பைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும், சக்தி குறையும். அன்றைக்கு மட்டும் மிதிக்காதீர்கள். 20 சதவீத எத்தனால் இப்போது எங்கும் வந்துவிட்டது. அந்தக் காலத்து வண்டி அதற்காக வடிவமைத்ததல்ல. மாதக்கணக்கில் டேங்க்கில் தேங்கவிடாமல் ஓட்டிக்கொண்டிருப்பதே நம்மால் ஆன காரியம். இன்னொன்று, நேரடியாகச் சிலிண்டருக்குள் மட்டும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின் என்றால் உள்வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை, கரி படியும். ஐட்லிங்கில் நடுக்கம் வந்தால் வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 27

தம்பியிடம் முதல் புகார் வந்துவிட்டது, வண்டியைப் பற்றி அல்ல. "அண்ணே, 230 குதிரை இருந்தும் கும்பகோணம் பக்கத்து இருவழிச் சாலையில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால்தான் போனேன்." வேறென்ன எதிர்பார்த்தீர்கள்? இந்த வண்டியின் சக்தி அந்தச் சாலையில் ஒரே ஒரு காரியத்துக்கு உதவும்: எதிரில் நிஜமாகவே காலியாக இருக்கும் இருநூறு மீட்டருக்குள் டிராக்டரைத் தாண்டி மீண்டும் இடப்பக்கம் வர. அதற்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும், அது எந்தப் பழைய வண்டியோடும் சேர்ந்து வருவதில்லை.

வீணை படுத்ததா என்று கேட்டேன். படுத்தது, ஆனால் சீட்டை மடித்தால் அம்மாவுக்கு இடமில்லையாம். பிரித்து மடிக்கும் சீட்டில் சின்னப் பக்கத்தை மட்டும் மடித்து, குடம் டிக்கியிலும் யாளி முகம் உள்ளேயுமாகக் குறுக்கே வைத்துப் பாருங்கள், அடியில் ஒரு மெத்தைத் துணி.

ஜூன் 15

நீடாமங்கலம் கேட்டில் நிற்கும்போது டி.எஸ்.ஜி.யை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். பிரேக்கைப் பாதி மிதித்து ஊர்ந்துகொண்டே இருக்காதீர்கள், கிளட்ச் பாதி பிடித்தபடி சூடாகும். கேட் மூடிவிட்டால் பார்க்கில் போட்டு இன்ஜினை அணைத்துவிடுங்கள். கேட் திறந்ததும் முன்னால் இருப்பவர் இரண்டு வண்டி நீளம் போகும்வரை நின்று, ஒரே மூச்சில் எடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

மேட்டூர் திறந்தாயிற்று, தண்ணீர் வந்துவிட்டால் வயல் எலியெல்லாம் வரப்புக்கும் வீட்டுக்கும் இடம் மாறும். கிட்டி வாங்கினீர்களா இல்லையா?

ஜூன் 16, மன்னார்குடித் தம்பி

வாங்கிவிட்டேன் அண்ணே. முதல் ராத்திரி என் கட்டை விரல்தான் மாட்டியது.